மணற்குன்றுகளுக்குள் மறைந்த வீடுகள்: பழைய டோப்போ வரைபடத்தில் மேய்ச்சல் கவுண்டியின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது செர்ரி கவுண்டி. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு. பரப்பு ஏறக்குறைய 6,000 சதுர மைல். அந்த மாநிலத்திலேயே பெரிய கவுண்டி அதுதான். 1920 கணக்கெடுப்பில் அங்கே 11,753 பேர் இருந்தார்கள். 2020இல் 5,455 பேர். பெரிய நகரம் என்று அங்கே எப்போதுமே எதுவும் இருந்ததில்லை. அப்படியானால் குறைந்துபோன அந்த ஆறாயிரம் பேரில் பெரும்பாலோர் புல்வெளிக்குள் எங்கோ குடியிருந்தவர்கள். அவர்களுடைய வீடு எங்கே இருந்தது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைத்தது என்று தேட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தத் தேடலுக்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த கருவி, 1940களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரை அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை, அதாவது யு.எஸ்.ஜி.எஸ்., வெளியிட்ட டோப்போ வரைபடங்கள், அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடங்கள். அதற்கு முந்தைய தலைமுறை வரைபடங்களில் பல சிறிய அளவுகோலில் வரையப்பட்டவை. குன்றின் உருவம் தோராயமாக இருக்கும், தனி வீடுகள் விட்டுப்போயிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானப் படங்களை வைத்து வரைந்து, பிறகு ஆட்கள் நேரில் போய்ச் சரிபார்த்தார்கள். குடியேறிகள் போய்விட்டிருந்தாலும் அவர்கள் போட்ட தடம், நட்ட மரம், இறக்கிய கிணறு முழுக்க அழியாத காலம் அது. அதனால்தான் இந்த வரைபடங்களுக்கு இவ்வளவு மதிப்பு. எல்லாம் இலவசம். ஒரு கணினி போதும்.

முதலில் நிலத்தின் கதை கொஞ்சம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வரைபடத்தைத் திறந்தால் கோடுகள் மட்டும்தான் தெரியும். செர்ரி கவுண்டியின் பெரும்பகுதி 'சாண்ட்ஹில்ஸ்' எனப்படும் மணற்குன்றுப் பகுதி. மேலே புல், அடியில் மணல். புல்லை உழுது கிளறினால் மணல் காற்றில் பறக்கத் தொடங்கிவிடும். ஆனால் குன்றுகளுக்கு அடியில் ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்வான இடங்களில் அந்த நீர் ஏரியாகவும் சதுப்பாகவும் மேலே வந்து நிற்கும். அங்கே வளரும் புல்லை வெட்டி உலர்த்தித்தான் பனிக்காலத்தில் மாடுகளுக்குப் போடுகிறார்கள்.

லகோட்டா, பாவ்னி மக்கள் வேட்டையாடிய நிலம் இது. 1870களின் பிற்பகுதியில் மாட்டு மந்தைகள் வந்தன. 1883இல் கவுண்டி உருவானது. அதே ஆண்டு ரயிலும் வாலண்டைன் ஊரை எட்டியது. 1862ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. இந்த மணலில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அதனால் பெரிய பண்ணைக்காரர்கள் யாரும் கேட்காத அரசு நிலத்தை வேலி போட்டு வளைத்து மேய்த்தார்கள். 1904இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் மோசஸ் கின்கெய்ட் கொண்டுவந்த சட்டம் மேற்கு நெப்ராஸ்காவில் ஒருவருக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். 'கின்கெய்டர்' என்று அவர்களுக்குப் பெயர். 640 ஏக்கரும் பலருக்குப் போதவில்லை. விற்றுவிட்டுப் போனார்கள்; பக்கத்துப் பண்ணை வாங்கிச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் திறக்கப்போகும் வரைபடம் இந்தச் சேர்க்கை பெருமளவு நடந்து முடிந்த பிறகு வரைந்தது என்பதை மனதில் வையுங்கள்.

வரைபடத்தை இறக்குவது

யு.எஸ்.ஜி.எஸ்.சின் 'டோப்போவியூ' தளத்துக்குப் போங்கள். 1884 முதல் 2006 வரை அச்சான வரைபடங்கள் அங்கே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பெயரைத் தட்டி, இடத்தைச் சொடுக்கினால் அந்த இடத்துக்கு எந்தெந்த ஆண்டு, எந்தெந்த அளவுகோலில் தாள் இருக்கிறது என்று பட்டியல் வரும்.

முதலில் 1:2,50,000 தாளை எடுங்கள். கவுண்டியின் பெரும்பகுதி ஒன்றிரண்டு தாளில் அடங்கிவிடும். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, ரயில் எந்த வழியில் போகிறது, ஏரிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்பதற்கு அது போதும். வாலண்டைனுக்குக் கிழக்கே வுட் லேக், மேற்கே க்ரூக்ஸ்டன், கில்கோர், நென்சல், கோடி, மெரிமன் என்று ரயில் பாதையில் ஊர்கள் கோத்தாற்போல வரிசையாக இருப்பதைப் பாருங்கள். தெற்கே குன்றுகளுக்குள் இறங்கினால் ஊர்கள் அருகிப்போய், பண்ணைப் பெயர்களும் ஏரிப் பெயர்களுமாக இருக்கும். மாட்டை எங்கே கொண்டுபோய் ரயிலேற்றினார்கள் என்பது இந்த ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

பிறகு 1:24,000 தாளுக்கு இறங்குங்கள். அதில் ஓர் அங்குலம் 2,000 அடி. ஒரு மைல் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும். ஒரு தாள் 50, 60 சதுர மைலைத்தான் காட்டும் என்பதால் முழுக் கவுண்டிக்கும் நூறு தாளுக்கு மேல் வேண்டும். எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டு திணறாதீர்கள். ஒரு பள்ளத்தாக்கு, அல்லது ஓர் ஏரியைச் சுற்றி நாலைந்து தாள் போதும். வெறுமனே பார்க்க ஜேபெக் கோப்பு. வேறு படங்களோடு பொருத்திப் பார்க்க ஜியோடிஃப் கோப்பு. கூகுள் எர்த்தில் போட்டுப் பார்க்க கேஎம்இசட்.

முதலில் ஓரத்தைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேரே நடுவில் பாய்வார்கள். கீழ் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். கீழே வலப்பக்கம் தாளின் பெயரோடு ஓர் ஆண்டு இருக்கும். இடப்பக்கம் விமானப் படம் எடுத்த ஆண்டும், களத்தில் சரிபார்த்த ஆண்டும் தனித்தனியே இருக்கும். இவை மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வீடு 'அந்த ஆண்டில் இருந்தது' என்று எழுதும்போது படம் எடுத்த ஆண்டையும் சரிபார்த்த ஆண்டையும்தான் நம்ப வேண்டும். தாளின் பெயரோடு இருக்கும் ஆண்டை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது.

சில தாள்களில் ஊதா நிறம் தெரியும். பிற்பாடு எடுத்த விமானப் படத்தைப் பார்த்து, பெரும்பாலும் நேரில் போகாமல், சேர்த்த திருத்தம் அது. பழைய நிலவரம் வேண்டுமென்றால் ஊதாவை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள், அல்லது ஊதா இல்லாத முந்தைய பதிப்பைத் தேடுங்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கு இடையில் எத்தனை அடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளுக்குத் தாள் மாறும்.

நிறங்களும் குறிகளும்

பழுப்பு சம உயரக் கோடு, நீலம் தண்ணீர், பச்சை மரம், கறுப்பு மனிதர் கட்டியவையும் பெயர்களும், சிவப்பு முக்கியச் சாலைகளும் நில அளவைக் கோடுகளும். இது எல்லாத் தாளுக்கும் பொது. மேய்ச்சல் நாட்டில் இவற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் விஷயம்.

கறுப்புச் சதுரம் முழுக்க நிரப்பியிருந்தால் அது ஆட்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் கட்டடம். உள்ளே வெறுமையாகவோ கோடு போட்டோ இருந்தால் தொழுவம், கிடங்கு போன்றது. ஒரு பண்ணை வளாகத்தில் இந்த இரண்டையும் எண்ணிப் பாருங்கள். நிரப்பிய சதுரமே இல்லாமல் வெறும் சதுரம் மட்டும் தனியாக நின்றால், அங்கே முன்பு வீடும் இருந்திருக்கலாம் என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

கொடி வைத்த சிறு கட்டடம் பள்ளி. ஓராசிரியர் பள்ளிகள் பிள்ளைகள் நடந்தோ குதிரையிலோ வரக்கூடிய தூரத்தில்தான் இருந்தன. சுற்றிலும் இரண்டு மூன்று மைலுக்கு வீடே இல்லாத இடத்தில் ஒரு பள்ளி நின்றால், அங்கே ஒரு காலத்தில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று அர்த்தம். நான் எந்தப் புதிய தாளைத் திறந்தாலும் முதலில் தேடுவது பள்ளியைத்தான்.

அடுத்தது காற்றாலை. மின்சாரம் எடுக்கும் காற்றாலை அல்ல. நிலத்தடி நீரை இறைத்துத் தொட்டியில் விடும் இரும்புக் காற்றாலை. சாண்ட்ஹில்ஸ் தாள்களில் அது ஏராளமாகக் குறிக்கப்பட்டிருக்கும். வெறும் புல்வெளியில் தனியாக நின்றால் மாடு குடிக்கப் போட்டது. அதன் பக்கத்திலேயே நேர் விளிம்புள்ள ஒரு பச்சைத் துண்டு இருந்தால் நின்று கவனியுங்கள். இங்கே ஆற்றோரங்களைத் தாண்டினால் மரம் அரிது. காற்றைத் தடுக்க வரிசையாக மரம் நட்டவர் பெரும்பாலும் அங்கே குடியிருந்தவர். காற்றாலை, பச்சைத் துண்டு, அங்கே வந்து நின்றுவிடும் ஓர் இரட்டைப் புள்ளிக்கோட்டு மண்பாதை, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வீட்டுக் குறி இல்லாவிட்டாலும் அது ஒரு வீட்டு மனையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உள்பக்கம் சிறு பற்கள் வைத்த சம உயரக் கோடு பள்ளத்தைக் காட்டும். மணற்குன்றுகளுக்கு நடுவே இப்படி மூடிய பள்ளங்கள் நிறைய. அதற்குள் நீலம் இருந்தால் ஏரி, நீலப் புல் குறி இருந்தால் சதுப்பு. சதுப்பின் ஓரம் வைக்கோல் புல் வெட்டும் இடம். அதுதான் இந்த நாட்டின் செல்வம்.

சிவப்புச் சதுரமும் பழுப்புக் கோடும்

என் பார்வையில் இந்தத் தேடலின் மையம் இங்கேதான் இருக்கிறது. அரசு நிலத்தை அளந்தபோது ஆறு மைலுக்கு ஆறு மைல் டவுன்ஷிப்பாகவும், அதற்குள் ஒரு சதுர மைல் அளவுள்ள 36 செக்‌ஷனாகவும் வெட்டினார்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். கின்கெய்ட் சட்டம் கொடுத்த அளவும் அதுவே. தாளில் தெரியும் சிவப்புச் சதுரங்கள் இவைதான். அளவைக்காரர் கோடு குன்றையும் ஏரியையும் பார்த்துப் போகவில்லை, நேராகப் போனது.

இப்போது ஒரு செக்‌ஷனை மட்டும் எடுத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழுக்க நெருக்கமான பழுப்புக் கோடு, ஒரு துளி நீலம் இல்லை என்றால், அங்கே வந்தவருக்கு வெறும் மணல்மேடு கிடைத்திருக்கிறது. பக்கத்துச் செக்‌ஷனில் கோடுகள் அகன்று, சமதளமும் சதுப்பும் இருந்தால் அங்கே வந்தவருக்கு வைக்கோல் கிடைத்திருக்கிறது. யார் தங்கினார்கள், யார் விற்றார்கள் என்ற கதையில் பாதி இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. ஒரு டவுன்ஷிப்பின் 36 செக்‌ஷனையும் இப்படிப் பார்த்து, தண்ணீர் உள்ளதை ஒரு நிறத்திலும் இல்லாததை இன்னொரு நிறத்திலும் தீட்டுங்கள். பிறகு நிரப்பிய கறுப்புச் சதுரங்கள் எந்த நிறத்தில் விழுகின்றன என்று பாருங்கள். நூறு பக்கம் படித்தாலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும்.

செக்‌ஷன் எண் வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே போய் 6 ஆகும். அதற்குக் கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பும். இப்படி மாறி மாறி ஓடி தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். 16, 36 இரண்டும் பள்ளிகளுக்கென ஒதுக்கியவை. இன்றும் அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை மாநிலக் கல்வி நில வாரியம் குத்தகைக்கு விடுகிறது. அந்த எண்களில் குடியேறியின் பெயர் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

டவுன்ஷிப் எண் தாளின் ஓரத்தில் சிவப்பில் இருக்கும். நெப்ராஸ்காவுக்கு அடிக்கோடு, அதாவது அளவை தொடங்கிய கோடு, அதன் தெற்கு எல்லையான 40 பாகை அட்சரேகை. நெடுக்கே ஆறாவது முதன்மை மெரிடியன் என்ற தெற்கு-வடக்குக் கோடு. அடிக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனையாவது வரிசை என்பது டவுன்ஷிப் எண்; மெரிடியனிலிருந்து மேற்கே எத்தனையாவது வரிசை என்பது ரேஞ்ச் எண். வாலண்டைன் டவுன்ஷிப் 34 வடக்கு, ரேஞ்ச் 27 மேற்கில் இருக்கிறது. அதாவது அடிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 200 மைல் வடக்கே.

முகவரியிலிருந்து பெயருக்கு

டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் மூன்றும் கையில் இருந்தால் அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பழைய பொது நில அலுவலக ஆவணத் தளத்தில் தேடலாம். யாருக்குப் பட்டா கொடுத்தார்கள், எந்தத் தேதியில், எத்தனை ஏக்கர், எந்தச் சட்டத்தின் கீழ் என்று வரும். பட்டாவின் படமும் கிடைக்கும். குடியேறி சில ஆண்டுகள் தங்கி நிலத்தைச் சீர்செய்ததாக நிரூபித்த பிறகுதான் பட்டா வரும். ஆகவே பட்டா தேதிக்குச் சில ஆண்டு முன்பே ஆள் வந்துவிட்டார் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பட்டா இருக்கிறது என்பதால் அங்கே ஒருவர் வாழ்ந்தார் என்று முடிவு கட்டக் கூடாது. செர்ரி, ஷெரிடன் கவுண்டிகளில் பரந்திருந்த ஸ்பேட் பண்ணையின் வரலாறு இதற்குச் சாட்சி. அதன் உரிமையாளர்களில் ஒருவரான பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் மீது அரசு நிலத்தை வேலியிட்டு வளைத்ததற்கும், போலிக் குடியேற்ற மனுக்களால் நிலம் சேர்த்ததற்கும் வழக்கு நடந்தது. தண்டனைக் காலத்திலேயே 1911இல் அவர் இறந்தார். ஆகவே பட்டாவில் பெயர் இருக்கும் செக்‌ஷனில் பாதை, கிணறு, மரம் என்று ஏதாவது தடயம் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லை என்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்திலும் கேள்விக்குறிதான்.

பட்டாவுக்குப் பிறகு நிலம் கைமாறிய விவரம் வாலண்டைனில் உள்ள கவுண்டிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். வில்லங்கம் பார்ப்பதுபோலவே ஒவ்வொரு செக்‌ஷனையும் பின்தொடரலாம். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 2022இல் பொதுப்பார்வைக்கு வந்துவிட்டதால், வரைபடம் வரைந்த காலத்தில் அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்றும் தேட முடியும்.

பெயர் இல்லாத ஊரைத் தேடுவது: டிவிட்டி

பயிற்சிக்கு இந்தக் கவுண்டியிலேயே ஓர் இடத்தைச் சொல்கிறேன். 1907இல் கறுப்பினக் குடும்பங்கள் கின்கெய்ட் சட்டத்தின் கீழ் நார்த் லூப் ஆற்றின் கரையில், பிரவுன்லீ ஊருக்கு மேற்கே குடியேறத் தொடங்கின. அவர்களில் சிலர் கனடாவிலிருந்து வந்து நெப்ராஸ்காவின் ஓவர்டனில் தங்கிப் பிறகு இங்கே வந்தவர்கள். தபால் நிலையம், தேவாலயம், பள்ளிகள் எல்லாம் இருந்தன. டிவிட்டி என்ற ஊர்ப்பெயர் பிற்பாடு ஆடேஷஸ் என்று மாறியது. நெப்ராஸ்காவில் கறுப்பின மக்கள் கிராமப்புறத்தில் அமைத்த மிகப் பெரிய குடியேற்றம் என்று இதைச் சொல்கிறார்கள். 1930களில் அது கலைந்துவிட்டது.

1940களின் பிற்பகுதியிலோ 50களிலோ வரைபடம் வரைந்தவர்கள் இவர்கள் போன பிறகு வந்தவர்கள். அதிலும் பல வீடுகள் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டியால் கட்டியவை. கூரை போனால் சில ஆண்டுகளில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். ஆகவே வரைபடத்தில் பெயரைத் தேடித் தொடங்க வேண்டாம். தலைகீழாகப் போங்கள். பிரவுன்லீ இருக்கும் தாளையும் அதற்கு மேற்கே உள்ள தாள்களையும் இறக்கி, ஆற்றின் இருபுறமும் வரும் செக்‌ஷன் எண்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1910களின் பட்டாக்களை எடுங்கள். பெயர்களை 1910, 1920 கணக்கெடுப்புத் தாள்களில் தேடுங்கள். அப்போதைய தாள்களில் இனமும் எழுதப்பட்டிருக்கும், பிறந்த இடமும் இருக்கும். உறுதியான பெயர்களை வரைபடத்தில் செக்‌ஷன் செக்‌ஷனாக எழுதி வந்தால், தாளில் அச்சாகாத ஒரு ஊர் உங்கள் கையெழுத்தில் ஆற்றோரமாக நீண்டு தெரியும். யாருக்கு ஆற்றங்கரைப் புல்வெளி கிடைத்தது, யார் மேட்டில் ஒதுங்கினார்கள் என்பதைப் பழுப்புக் கோடு சொல்லிவிடும். 2016இல் அந்த ஊருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் மனையும் எங்கே என்பதை இப்படித் தேடித்தான் அறிய வேண்டும்.

இரண்டு காலங்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பது

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பழைய ஜியோடிஃப்பை அடியிலும் இன்றைய செயற்கைக்கோள் படத்தை மேலேயும் வைத்து, மேலடுக்கைப் பாதி தெரியும்படி செய்யுங்கள். பழைய தாள்கள் 1927ஆம் ஆண்டு ஆயத்தொலை முறையில் இருப்பவை. அதன் எண்களை அப்படியே கைபேசி ஜிபிஎஸ்ஸில் போட்டால் பல பத்து மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். மென்பொருளில் முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

கண்ணைப் பழக்க ஒன்றிரண்டு இடங்கள். ஸ்நேக் ஆற்றில் மெரிட் அணை 1964இல் முடிந்தது. அதற்கு முந்தைய தாளில் நீர்த்தேக்கத்துக்குப் பதில் ஆற்றுப் பள்ளத்தாக்கு தெரியும், இன்று நீருக்கு அடியில் இருக்கும் பாதையும் மனையும் இருந்தால் அதில்தான் கிடைக்கும். வாலண்டைன் வழியாகப் போன ரயில் பாதை 1992இல் கைவிடப்பட்டது. இன்று அதில் நீளமாக நடைபாதை. செயற்கைக்கோள் படத்தில் வட்ட வட்டமாகத் தெரியும் வயல்கள் சுழல் நீர்ப்பாசனத்தால் வந்தவை. அந்தக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்ததே 1952இல். ஆகவே வரைபடத்தில் அவை இருக்காது. மெக்கெல்வி தேசியக் காட்டில் பச்சையாகத் தெரியும் மரங்களும் பெரும்பாலும் மனிதர் நட்டவைதான்.

பெயர்களை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஏரிப் பெயர் நிலைக்கும். பண்ணைப் பெயர் உரிமையாளரோடு மாறும். தபால் நிலையம் பெரும்பாலும் யாராவது ஒருவரின் பண்ணை வீட்டில் நடந்தது. தபால்காரர் மாறினால் அதே பெயர் சில மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு தாளில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் ஏதோ ஒன்று பிழை என்று அடிக்காமல், இரண்டையும் ஆண்டோடு குறியுங்கள். பண்ணையின் மாட்டுச் சூட்டுக்குறி தெரிந்தால் பழைய சூட்டுக்குறிப் புத்தகங்கள் வழியாகவும் உரிமையாளரைப் பிடிக்கலாம்.

நேரில் போவதானால்

இந்த நிலம் பெரும்பாலும் தனியார் சொத்து. வரைபடத்தில் பாதை இருக்கிறது என்பது உள்ளே போக அனுமதி ஆகாது. முன்கூட்டியே கேளுங்கள், கன்று ஈனும் பருவத்திலும் வைக்கோல் வெட்டும் பருவத்திலும் தொந்தரவு செய்யாதீர்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். புல்லின் மேல் வண்டி ஏற்றினால் மணல் கிளம்பிவிடும், அந்தப் புண் ஆற ஆண்டுகள் ஆகும். பழைய மனைகளில் மூடாத கிணறு இருக்கலாம். விரியன் வகைப் பாம்பும் உண்டு. கவுண்டியின் கிழக்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் வெவ்வேறு நேர மண்டலத்தில் இருப்பதால், சந்திக்க நேரம் குறிக்கும்போது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி கேட்காமலே பார்க்க, வாலண்டைனுக்குத் தெற்கே 1935இல் தொடங்கிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. ஏரி, சதுப்பு, குன்று மூன்றும் வரைபடத்தில் பார்த்த அதே அமைப்பில் கண்ணெதிரே கிடக்கும். அங்கேயும் எந்தப் பழம்பொருளையும் கையில் எடுக்கக் கூடாது.

பண்ணைக்காரரைச் சந்திக்கப் போகும்போது, அவருடைய நிலம் இருக்கும் பழைய தாளை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். நீங்கள் போட்ட கேள்விக்குறிகள் அதில் அப்படியே இருக்கட்டும். பள்ளி யார் காலத்தில் மூடியது, அந்த மர வரிசையை யார் நட்டார்கள் என்று அவர் தாளின் மேலேயே விரலை வைத்துச் சொல்வார். சொன்னதை அந்த இடத்திலேயே, சொன்னவர் பெயரும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். இன்று ஆட்கள் குடியிருக்கும் வீட்டையும், குடும்பக் கல்லறையையும் பொதுவில் வெளியிடும் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள். ஒரு நகல் அந்தக் குடும்பத்துக்கு, இன்னொரு நகல் கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்கு.